பிரசங்கியாரின் களஞ்சியம்

இந்த உலகத்தில் அக்காவின் கணவருக்குத் தெரியாத சங்கதி ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாததும் சில உண்டு என்பது. குளியலறை ஓடு விற்கும் கம்பெனியில் அவர் வட்டார மேலாளர். ஓட்டைப் பற்றிப் பேசினாலாவது காது கொடுக்கலாம். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசுவார். பல் டாக்டரிடம் போனால், வாய்க்குள் கருவி இருந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் டாக்டருக்கே பல்லைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு வருவார். பதினேழு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், மனசுக்குள் அவருக்குப் பிரசங்கியார் என்று பேர் வைத்திருந்தாள். நேரில் மாமா.

சின்னவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. அக்காவுக்கு அடுத்துப் பிறந்த ஒரே காரணத்துக்காக இன்னும் சின்னவள். ஒரு பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நோயாளிகளின் ஸ்கேன் படங்களும் பரிசோதனை முடிவுகளும் தினமும் நகலாகி வேறு கட்டடத்துக்குப் போய்ச் சேர்கின்றனவா, வேண்டுமென்றால் அங்கிருந்து ஒழுங்காகத் திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பது பதினாலு வருஷமாக அவள் பிழைப்பு. பேக்கப்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. அப்படி ஒருத்தி குடும்பத்திலேயே இருக்கும்போது, பிரசங்கியார் ஒரு நாள் போன் பண்ணி, "வீட்டுக்குன்னு நானே ஒரு சர்வர் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வா, காட்டறேன். உனக்கும் வேலைக்கு உதவும்" என்றார்.

கேட்கவில்லை. காட்டுகிறாராம். அதுவும் அவளுக்கு உதவுமாம்.

போனாள். போகாமல் இருக்க முடியாது, அக்கா இருக்கிறாள்.

படுக்கை விரிப்புகள் வைக்கிற அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து, அதில் ஷூ டப்பா மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியை வைத்திருந்தார். முகப்பில் நாலு நீல விளக்குகள். நெற்றியில் அச்சடித்த ஒரு சீட்டு: களஞ்சியம். விரிப்புகளெல்லாம் நாற்காலியின் மேல் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு வேறு இடம் பார்ப்பது அக்காவின் பாடு. அலமாரிக் கதவில் காற்றுக்காக ஓட்டை போட்டிருந்தார். ஒன்று வட்டமாக வந்திருந்தது. மற்ற இரண்டும் எலி கடித்த மாதிரி இருந்தன.

"நம்ம போட்டோ, வீடியோ, உங்க அக்கா வரையற படம், நான் சேர்த்து வெச்சிருக்கற சினிமா, எல்லாம் இதுக்குள்ள. டி.வி.யில பாக்கலாம், போன்ல பாக்கலாம். இனிமே யார் தயவும் வேண்டாம்" என்றார். மருத்துவமனையில் நாற்பது பேர் செய்கிற வேலையைத் தனி ஆளாக, ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்ட களை முகத்தில்.

"பேக்கப் எங்க மாமா?" என்றாள் சின்னவள்.

"அதான் இது."

"இது ஒரு இடம். இதுக்கு பேக்கப்?"

பிரசங்கியார் பரிதாபமாகச் சிரித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் இருப்பதாகவும், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும் என்றும் விளக்கினார். "இதுக்குப் பேரு மிரர். கண்ணாடி. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு உயிரோட இருக்கும்."

"கண்ணாடி முன்னாடி நின்னு மூக்கை அறுத்துக்கிட்டா, கண்ணாடியில இருக்கறவனுக்கும் மூக்கு போயிடும் மாமா."

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். பிரசங்கியாரின் முகம் ஒரு நொடி சுருங்கியது. "நீ ஆஸ்பத்திரியில பழைய முறையிலேயே பழகிட்டே. உலகம் எங்கியோ போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

அக்கா புத்தகங்களுக்குத் தாவரங்களை வரைகிறவள். காகிதத்தில் வரைவதை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது எல்லாம் மின்பலகையில், கம்ப்யூட்டர் பேனாவால்தான். அவளுடைய கம்ப்யூட்டரையும் களஞ்சியத்தையும் பிரசங்கியார் இணைத்திருந்தார். இங்கே சேர்ப்பது அங்கே சேரும். இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். அந்தத் திரையின் கீழ்க்கோடியில் சின்னதாக ஒரு கட்டம்: 'அழித்தவற்றை முப்பது நாள் வைத்திரு.' எடுத்த எடுப்பில் அது டிக் போட்டபடிதான் இருக்கும். இவர் வேலை மெனக்கெட்டு டிக்கை எடுத்திருந்தார்.

சின்னவளின் கண் நேராக அதில் போய் நின்றது. "மாமா, இங்க கீழ..." என்று ஆரம்பித்தாள்.

"இரு, நான் முடிச்சுடறேன். குறுக்கக் குறுக்கப் பேசினா எப்படி? அந்தக் குப்பைத்தொட்டி விவகாரம்தானே? இடத்தை அடைக்குதுன்னு நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கேன். நீ தினம் டேப் மாத்தறவ. நான் முழு அமைப்பையும் படிச்சிருக்கேன்."

பதினாலு வருஷத்தில், நகல் பதிகிற டேப்புகளை அவள் மாற்றியது முதல் ஆறு மாதம்தான். அது அவருக்கும் தெரியும்.

அக்காவிடம் பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டு இருந்தன, வரைந்ததையெல்லாம் நகலெடுத்து மேஜை டிராயரில் வைத்திருப்பாள். அவற்றையும் காலி செய்து, ஒன்றைக் கார்ப் பயணத்துக்குச் சினிமா ஏற்றவும் இன்னொன்றை அலுவலகத்துக்கும் எடுத்துக்கொள்ளப்போவதாகப் பிரசங்கியார் அப்போதே அறிவித்தார். "களஞ்சியம் வந்தாச்சு, இனி சாக்குமூட்டை எதுக்கு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அந்தக் கணத்தில் தனக்குள் என்ன நடந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கோபம் வரவில்லை. இனிப்பாக இருந்தது. 'போ. நன்றாகப் போ. முகம் குப்புற விழு. அப்போது வந்து நான் நின்று பார்க்கிறேன்.' ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனைக் கரையில் நின்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதுவும் பதினேழு வருஷமாக நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் என்றால்.

"பிரமாதம் மாமா" என்றாள்.

"பாத்தியா, அவளே சொல்லிட்டா" என்றார் அக்காவிடம். அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் காபியைக் குடித்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அக்காவின் மேலும் எரிச்சலாக வந்தது. ஒரு புல்லின் பூவுக்குள் இருக்கிற மயிரைக்கூட எண்ணி வரைகிறவளுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற புருஷனைப் பார்க்கத் தெரியவில்லையே! அவர் எதைச் சொன்னாலும் 'சரிங்க'. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. பட்டால்தான் இருவருக்கும் புத்தி வரும் என்று முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் ஆபீசில் நாலு பேருக்கு அந்த எலி கடித்த அலமாரியை நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தாள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் பிரசங்கியாரிடமிருந்து போன். குரல் அவருடையதாகவே இல்லை.

"நீ கொஞ்சம் வர முடியுமா? களஞ்சியத்துல ஒரு சின்ன... ஒரு சின்ன சந்தேகம். அக்காகிட்ட நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே."

சின்னவள் உடனே கிளம்பவில்லை. குளித்து, சாப்பிட்டு, துணி உலர்த்திவிட்டுத்தான் போனாள். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அன்றைக்கு எல்லாமே அவள் பக்கம் இருப்பதுபோல் தோன்றியது.

நடந்தது இது. அக்காவின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அவள் இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். பிரசங்கியார் உடனே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதைச் 'சுத்தம்' செய்திருக்கிறார். படங்கள் என்கிற கோப்புறைதான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதுதான் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரிலிருந்து மொத்தமாக அழித்துவிட்டார். களஞ்சியம் சொன்ன சொல் தவறாத வேலைக்காரன். இங்கே அழிந்ததை அங்கேயும் அழித்தது. கண்ணாடி டிஸ்க்கும் உண்மையாக அழித்தது. மூன்று இடத்திலும் சுத்தம்.

அதோடு விட்டாரா? மறுநாள் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தவருக்கு, இடம் தாராளமாக இருப்பதைக் கண்டு ஒரே மகிழ்ச்சி. ஏன் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. தன்னுடைய அமைப்பின் திறமை என்று நினைத்துக்கொண்டு, நண்பர் ஒருவரிடமிருந்து இருநூறு சினிமா வாங்கிவந்து அந்த இடத்தை நிரப்பினார். அழிந்த படங்களின் தடம் கொஞ்ச நஞ்சம் மிஞ்சியிருந்தாலும், அதன் மேல் இப்போது கார்கள் வெடித்துக்கொண்டிருந்தன.

"கொண்டு வந்துடலாம்ல?" என்றார் பிரசங்கியார். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"அழிஞ்சது எப்ப?"

"பன்னெண்டு நாள்."

"பன்னெண்டு நாளா டிஸ்க் ஓடிக்கிட்டே இருக்கு?"

"நிறுத்தணும்னு யாரும் சொல்லலையே."

சின்னவள் தரையில் உட்கார்ந்து டிஸ்க்குகளைக் கழற்றினாள். கொண்டுவந்திருந்த கருவியில் மாட்டி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். அது நாலு மணி நேரம் துழாவியது. அந்த நாலு மணி நேரமும் பிரசங்கியாரை அவள் விடவில்லை. வாயால் ஒரு சொல் வசவு இல்லை. கேள்வி மட்டும் கேட்டாள். இந்தக் கோப்பு எப்போது சேர்த்தது மாமா? இந்தக் கட்டத்தில் டிக் எடுத்தது யார் மாமா? பழைய டிஸ்க் இரண்டும் எங்கே மாமா? முழு அமைப்பையும் படித்ததாகச் சொன்னீர்களே, எந்தப் புத்தகம் மாமா? ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கும் ஒரு பதம் உண்டு. அவள் அந்தப் பதத்தில் பாய்ச்சினாள்.

திரும்பி வந்தவை: சினிமாத் துண்டுகள் ஒரு கூடை, ஒன்பது விரற்கடை அகலத்தில் யாரோ ஒருவருடைய பாதிக் காது, பெயரில்லாத எழுபது கோப்புகள். அவற்றில் இரண்டில் பச்சையாக ஏதோ கோடுகள் இருந்தன. மற்றவை திறக்கவே இல்லை. அக்காவின் கம்ப்யூட்டரிலும் தடம் மிஞ்சவில்லை; பழைய டிஸ்க் இரண்டும் ஏற்கெனவே வேறு சரக்கால் நிரம்பியிருந்தன.

அப்போதுதான் அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்தார்கள். கையில் காய்கறிப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எல்லாமா?" என்றாள்.

பிரசங்கியார் விரிப்பைப் பார்த்தார்.

அச்சான மூன்று புத்தகங்களின் படங்கள் பதிப்பகத்தில் இருக்கும். போனது, இன்னும் அச்சாகாத புல் புத்தகம். இரண்டு வருஷமாக ஒரு தாவரப் பேராசிரியர் உறையில் போட்டு அனுப்புகிற உலர்ந்த புற்களைப் பார்த்து, பூதக்கண்ணாடி வைத்து வரைந்த எண்பத்து மூன்று படங்கள். வரைந்ததும் புல்லைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். அடுத்த உறை வரத் தாமதமானதால்தான் இந்தப் பன்னிரண்டு நாளும் அவள் அந்தக் கோப்புறையைத் திறக்கவில்லை. பேராசிரியருக்கு அனுப்பிய சின்ன நகல்கள் மின்னஞ்சலில் இருக்கின்றன, தபால்தலை அளவு. அச்சுக்கு உதவாது.

அக்கா அழவில்லை. பையைக் கீழே வைத்து, ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிரசங்கியார் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரின் வேகம், மென்பொருளின் கோளாறு, தெளிவில்லாமல் எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் முழுக்கக் கோணல். கடைசியில் அவர் கை சின்னவளை நோக்கி நீண்டது.

"இவளும்தானே அன்னிக்கு எல்லாத்தையும் பாத்தா? இவளுக்கு இதுதானே வேலை? பிரமாதம்னு சொன்னா! தப்பா இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா?"

என்ன துணிச்சல் என்று சின்னவள் நிமிர்ந்தாள். "நான் சொல்ல வந்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

"உனக்குத் தெரியுமாடீ?" என்றாள் அக்கா.

அக்காவின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னது?"

"இப்படி ஆகும்னு. அன்னிக்கே தெரியுமா?"

"அவ்வளவா கவனிக்கல."

"பால் பாக்கெட்டுல தேதியைப் படிச்சுட்டு, மறுபடி கண்ணாடி போட்டுப் படிச்சுட்டு வாங்கறவ நீ. கவனிக்கலையா?"

சின்னவள் கையிலிருந்த டிஸ்க்கைத் தரையில் வைத்தாள். பொய் நாக்கின் நுனிவரை வந்தது. இவர் முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட உண்மையே மேல் என்று தோன்றியது. அந்த உண்மைக்கும் காரணம் நேர்மை இல்லை.

"தெரியும்" என்றாள். "இவர் என்னை டேப் மாத்தறவன்னு சொன்னாரு. சரி, படட்டும்னு விட்டுட்டேன்."

"யாரு படட்டும்னு?"

சின்னவள் தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? அவர்கிட்ட சொல்ல வேண்டாம். எங்கிட்ட. 'அக்கா, அந்தப் பழைய டிஸ்க்கை மட்டும் குடுத்துடாதே.' அஞ்சு நொடி ஆகுமா? ஏழு வாரம் இருந்துது."

"நீ அவர் பேச்சைத்தானே கேப்பே..."

"கேக்கறேன்னு யார் சொன்னது? சரிங்கன்னா பேச்சு முடியுது, நான் வேலையைப் பாக்கலாம். அதுக்குச் சொல்றது. வீட்டுல ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காரு. நீ வர்றப்பல்லாம் மூக்கைச் சுளிச்சுக்கிட்டே இருக்கே. அவருக்கு நாக்குல கர்வம், உனக்கு மூக்குல. ரெண்டு பேரும் சேந்து என் கம்ப்யூட்டரை வெச்சுப் போட்டி போட்டிருக்கீங்க. அதுல என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் ஒரு நாள் தொறந்து பாத்ததில்லை."

அது நிஜம். அக்கா இரண்டு வருஷமாக எதை வரைகிறாள் என்பது சின்னவளுக்கு 'ஏதோ புல்' என்ற அளவில்தான் தெரியும்.

பிரசங்கியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் தூக்கினாள். பதினேழு வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார்.

அதற்கப்புறம் அக்கா செய்தது எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. பேராசிரியருக்குத் தானே போன் பண்ணி, நடந்ததை யார் மேலும் பழி போடாமல் நாலு வரியில் சொன்னாள். அவர் புற்களை மறுபடி அனுப்ப ஒப்புக்கொண்டார். புத்தகம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனது. அடுத்த ஞாயிறு சின்னவளை வரச்சொன்னாள். சின்னவள் மன்னிப்பு கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தாள். கேட்க இடமே கிடைக்கவில்லை. அக்கா நோட்டுப் புத்தகமும் பேனாவுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஆஸ்பத்திரியில எப்படிப் பண்றீங்களோ, அதை எனக்கு வீட்டளவுல சொல்லு. நான்தான் பண்ணுவேன். நீ கையை வெக்காதே."

மூன்று நகல், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே, மாதம் ஒருமுறை உண்மையில் திறக்கிறதா என்று பார்ப்பது. சின்னவள் சொன்னதையெல்லாம் அக்கா எழுதிக்கொண்டாள். புரியாததை இரண்டாம் தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்க எதுவும் இருக்கவில்லை. பத்து வருஷமாக மின்பலகையோடு மாரடிக்கிறவளுக்கு இது ஒரு வித்தையா? அந்த முப்பது நாள் கட்டத்தில் டிக் போட்டு, அதைத் தொண்ணூறு நாளாக மாற்றவும் முடியுமென்று தானே கண்டுபிடித்து மாற்றினாள். பிறகு கடவுச்சொல்லை மாற்றினாள். மாற்றும்போது, "அந்தப் பக்கம் திரும்பு" என்றாள் தங்கையிடம்.

மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரகசியத்தைக் காப்பவள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

களஞ்சியத்தில் பிரசங்கியாருக்கு ஒரு மூலை மிஞ்சியது, சினிமா வைத்துக்கொள்ள. அக்காவின் படங்கள் இருக்கிற பக்கம் அவருக்குத் திறக்காது. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா ஒரு சின்ன டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போவாள். முக்கால் மணி நேரத்தில் வேறொரு டிஸ்க்கோடு திரும்பி வருவாள். எங்கே வைக்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னவள் அங்கே இருந்தபோது கேட்டுப் பார்த்தாள். "எங்கக்கா வெக்கறே? சூடு, ஈரம் இல்லாத இடமா இருக்கணும், அதான் கேக்கறேன்."

"இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா இறங்கிப் போனாள்.

பிரசங்கியார் சோபாவில் இருந்தார். டி.வி.யில் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியதும் அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நெடுநாள் கூட்டாளியிடம் சொல்வதுபோலக் குனிந்து சொன்னார்:

"பாத்தியா? எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறா. நம்ம ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வெச்சுட்டா உங்க அக்கா."

நம்ம ரெண்டு பேர்! சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மனுஷனோடு ஒரே தட்டா? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர் நகர்ந்து சோபாவில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை, போகவும் இல்லை. அக்கா வரும்வரை, அந்தப் படத்தின் ஒளிப்பதிவில் என்னென்ன தப்பு என்று அவர் சொல்லச் சொல்ல நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.